பூச்சாண்டிக்கு எள்ளுக் கண்

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பூச்சாண்டியைக் கூட்டி வந்தது வேறு யாருமில்லை, நானேதான்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. சாதக் கிண்ணத்தைக் கண்டாலே உதட்டை இறுக மூடிக்கொள்வான். ஒரு கிண்ணம் பருப்பு சாதத்தை உள்ளே இறக்குவதற்குள் எனக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். அடுப்பில் பால் பொங்கும், வாசலில் கறிகாய்க்காரர் கூப்பிடுவார், அவர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டு சட்டைப் பொத்தான் தேடுவார். ஒரு நாள் பொறுமை போய், "இந்த ரெண்டு வாய் வாங்கலேன்னா, தோப்புக்குள்ள இருக்கிற பூச்சாண்டி சாக்கு எடுத்துக்கிட்டு வந்துருவான், பாத்துக்கோ!" என்று சொல்லிவிட்டேன். மூடியிருந்த வாய் கபக்கென்று திறந்தது. பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி!

இத்தனை சுலபமான மருந்து கையில் இருக்கும்போது யார் விடுவார்கள்? சாப்பாட்டுக்குப் பூச்சாண்டி, தூக்கத்துக்குப் பூச்சாண்டி, தலைக்கு எண்ணெய் வைக்கப் பூச்சாண்டி என்று நாளுக்கு நாலு வேளை அவனைக் கூப்பிட ஆரம்பித்தேன். கூப்பிட்டவன் வந்தே விட்டான்.

எங்கள் வீடு பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகிற பாதையில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. பகலில் பார்த்தால் யாருக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து வரும் பாருங்கள், ராத்திரி முழுக்கத் தோப்பே ஓவென்று இரையும். காய்ந்த மட்டை 'தொப்'பென்று விழும். அதைக் கேட்டு நாய் குரைக்கும். நமக்கு அது காற்று, மட்டை, நாய். நாலு வயசுக் குழந்தைக்கு அது சாக்கோடு நடந்து வருகிற பூச்சாண்டி.

ராத்திரியில் பாத்ரூம் பக்கமே போக மாட்டேன் என்றான். நான் கூட வந்தாலும் என் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டுதான் வருவான். மூணு வயசிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பையன், மறுபடியும் நனைக்க ஆரம்பித்தான். காலையில் ஈர விரிப்பைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். சிறுநீர்ப் பரிசோதனை செய்தார். ஒரு குறையும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல யாராச்சும் பயங்காட்டறீங்களா?" என்றார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் திட்டவில்லை. நிதானமாக எடுத்துச் சொன்னார். மூன்றிலிருந்து ஆறு வயது வரை குழந்தைகளுக்குக் கற்பனை வேகமாக வளர்கிறதாம். எது நிஜம், எது கதை என்று பிரித்துப் பார்க்கிற அறிவு அதே வேகத்தில் வளர்வதில்லையாம். அதனால் இருட்டுக்கும், கண்ணுக்குத் தெரியாத உருவங்களுக்கும் பயப்படுவது இந்த வயசில் சகஜம். அந்தச் சகஜமான பயத்துக்கு நாம் ஒரு பேரும், சாக்கும், முகவரியும் கொடுத்துவிட்டால் அது தானாகப் போகாது. "சும்மா சொன்னேன், பூச்சாண்டியே கிடையாது" என்று ஒரே வார்த்தையில் அழிக்கவும் முடியாது. "படுக்கையை நனைச்சதுக்குத் திட்டாதீங்க, அடுத்தவங்க முன்னால சொல்லிச் சிரிக்காதீங்க. அவன் பயத்தை அவன் கையிலேயே விளையாடக் கொடுங்க. வரையச் சொல்லுங்க, களிமண்ல பண்ணச் சொல்லுங்க," என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதமும் கிரேயானும் கொடுத்தேன். ரொம்ப நேரம் யோசித்து, தேங்காய் மாதிரி ஒரு தலை, அதற்குக் கீழே கால் இல்லாத பாவாடை மாதிரி உடம்பு, இரண்டு பெரிய ஓட்டைக் கண் என்று வரைந்தான். "இவனுக்குக் கால் இல்லையா கண்ணு?" என்று கேட்டேன். "கால் இருந்தா சத்தம் கேக்குமில்லம்மா" என்றான். எத்தனை ராத்திரி கண்ணை மூடாமல் அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தானோ, குழந்தை!

இது நடந்தது 2024-ஆம் வருஷம். அந்த அக்டோபரில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஹாலோவீன் கொண்டாட்டமாம், 25-ந் தேதி வெள்ளிக்கிழமை பேய், எலும்புக்கூடு, சூனியக்காரி, எந்த வேஷத்திலாவது குழந்தைகளை அனுப்பலாம் என்று எழுதியிருந்தது. நிஜமான ஹாலோவீன் அக்டோபர் 31. ஆனால் அந்த வருஷம் அன்றைக்கே நமக்குத் தீபாவளி. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை ஆயிற்றே, அதனால் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். சீட்டில் போட்டிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்ததுமே என் மகன் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். "நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்."

தீபாவளிக்காக வெண்ணெய் பிஸ்கட் செய்ய நான் சாமான் வாங்கி வைத்திருந்த சமயம் அது. எங்கள் பக்கத்தில் ஊத்துக்குளி வெண்ணெய்க்குத் தனி மவுசு உண்டு. வெள்ளை வெளேரென்று, உப்பில்லாமல், கையில் எடுத்தாலே மணக்கும். அதைப் பிரித்து வைத்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. களிமண்ணுக்குப் பதில் மாவில் பூச்சாண்டி செய்தால் என்ன? அவன் வரைந்த அதே பூச்சாண்டியை!

என் மாமியார் காதில் விழுந்ததுதான் தாமதம்.

"அதென்ன அம்மிணி இது? நோம்பி வர்ற நேரத்துல, வெளக்கு வெக்கற வீட்டு அடுப்புல பேயையும் பிசாசையுமா வேக வெப்பாங்க? ஊரு என்ன சொல்லும்?"

"பையனுக்குப் பயம் தெளியோணும்னுதானுங்க அத்தை..."

"பயம் தெளிய மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கலாம். இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பேய்க்கும் அடுப்புக்கும் சம்பந்தம் இல்லேன்னு யாரு சொன்னது? ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில பேய்களே கூழ் காய்ச்சுதே! காரைக்கால் அம்மையார் தன்னையே 'காரைக்கால் பேய்'னுதான் பாட்டுல சொல்லிக்கிட்டாங்க. அறுபத்து மூணு நாயன்மார்ல அவங்களும் ஒருத்தரு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. பாட்டுல இருக்கறதெல்லாம் அடுப்பாங்கரைக்கு ஆகுமா?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

நான் வாசலைக் காட்டினேன். பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற வீட்டில் சாம்பல் பூசணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முழிக்கிற கண், கோரைப் பல், தொங்குகிற நாக்கு, முறுக்கு மீசை எல்லாம் வரைந்து கட்டிய திருஷ்டிப் பூசணி. "அது என்னங்கத்தை?" என்று கேட்டேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது திருஷ்டிக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அயர்லாந்தில் பழைய காலத்தில், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற அந்த ராத்திரியில் இறந்தவர்களின் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து பயங்கரமான முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு, அங்கே மலிவாகக் கிடைத்த பெரிய பரங்கிக்காயில் செதுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பரங்கி, நாம் சாம்பல் பூசணி. பயத்துக்கு ஒரு முகம் வரைந்து, அதையே வாசலுக்குக் காவல் வைப்பதுதான் இரண்டிலும்.

அதோடு, இறந்தவர்களை நினைத்து அடுப்பு மூட்டுவதும் பல ஊர்களில் உண்டு. மெக்சிகோவில் நவம்பர் முதல் இரண்டு நாட்களும் இறந்தவர்களுக்கான திருநாள். அதற்கென்று செய்கிற இனிப்பு ரொட்டியின் மேல், மாவையே எலும்பு மாதிரி உருட்டி வைத்துச் சுடுவார்கள். இத்தாலியில் 'இறந்தவர்களின் எலும்பு' என்ற பெயரிலேயே ஒரு மொறுமொறு பிஸ்கட் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நாம் தீபாவளி கொண்டாடுகிற அதே சதுர்த்தசியை வங்காளத்தில் பூத சதுர்த்தசி என்கிறார்கள். பதினாலு வகைக் கீரை சமைத்து, பதினாலு விளக்கு ஏற்றுவார்கள். நம் மாசாணியம்மனும் மயானத்தோடு சேர்ந்த தெய்வம்தானே? ஆனைமலைக் குண்டத் திருவிழாவில் நடக்கிற மயான பூஜைக்குக் கூடுகிற கூட்டத்தை இந்தப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியெல்லாம் மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுநாள் அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். திருட்டுத்தனமாகச் செய்கிற காரியம் உருப்படுமா? அவசரத்தில் வெண்ணெயை உருக்கிவிட்டேன். பொரபொரப்பாக வரட்டும் என்று பேக்கிங் பவுடரும் ஒரு ஸ்பூன் போட்டேன். பிசைந்த மாவை உடனே தேய்த்து வெட்டி ஓவனுக்குள் தள்ளினேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், பன்னிரண்டு பூச்சாண்டிகளும் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே ஊத்தப்பமாகக் கிடந்தார்கள்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்த பையன், "அம்மா, பூச்சாண்டி உருகிப் போயிட்டான்!" என்று கத்தினான். கத்திவிட்டுச் சிரித்தான். பூச்சாண்டி என்ற பெயரைச் சொல்லி அவன் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வெண்ணெய் வீணான வருத்தமெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது.

அதற்குள் அத்தையும் வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மிணி, எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். எங்கூட்டுக்குப் பின்னால ஒரு புளிய மரம். அதுல முனி இருக்குது, சொன்ன பேச்சுக் கேக்காட்டிப் புடிச்சுக்கும்னு எங்காத்தா சொல்லிச் சொல்லியே வளத்துச்சு. இன்னைக்கு எனக்கு அறுபத்தி மூணு. ராத்திரியில பொறக்கடைப் பக்கம் போகோணும்னா இன்னமும் உங்க மாமாவத்தான் எழுப்பறேன். அவரும் நாப்பது வருஷமா எதுக்குன்னு கேக்காம எந்திரிச்சு வர்றாரு. அந்த மரத்தை வெட்டி முப்பது வருஷம் ஆச்சு. எம்மனசுல இருக்கறதை வெட்ட முடியலியே!"

கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்தான். பிறகு, "பையனுக்கு அப்படி ஆக வேண்டாம். நாளைக்கு ஒழுங்காப் பண்ணு. மாவு நான் பிசையறேன்" என்றார்.

மறுநாள் மூன்று பேருமாகச் செய்தோம். இனி செய்முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ரொம்பச் சுலபம். எடை போட்டு ஒன்று, இரண்டு, மூன்று. பொடித்த சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம். இரண்டு சிட்டிகை உப்பு, நாலு ஏலக்காயைப் பொடித்தது. பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். சுமார் முப்பது பிஸ்கட் வரும். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போட்டாலும் நன்றாகவே இருக்கிறது. நிறம் மட்டும் கொஞ்சம் கருக்கும்.

வீட்டில் கடைந்த வெண்ணெயானால் அதில் மோரும் தண்ணீரும் நிறைய நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, மெல்லிய துணியில் வைத்து ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு எடை போடுங்கள். இல்லாவிட்டால் மாவு பிசுபிசுக்கும். பிஸ்கட்டும் கடுக்கென்று ஆகிவிடும். வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் வழியக் கூடாது. அதுதான் பதம்.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து, நிறம் வெளுத்து மிருதுவாகும் வரை மரக் கரண்டியால் குழையுங்கள். ரொம்ப நேரம் அடித்துப் பொங்க விடாதீர்கள். காற்று அதிகம் ஏறினால் அடுப்பில் உருவம் விரிந்துபோகும். உப்பு, ஏலப்பொடி, சலித்த மைதா சேர்த்து விரல் நுனியால் ஒன்று கூட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது. அத்தை பழக்க தோஷத்தில் முட்டிக் கையால் குத்தப் போனார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அழுத்தப் பிசைந்தால் மைதாவில் இருக்கிற பசை இழுத்துக்கொண்டு, வாயில் கரைய வேண்டிய பிஸ்கட் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

மாவைத் தட்டையாகத் தட்டி மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். என் முதல் தோல்விக்குக் காரணமே இதைச் செய்யாததுதான். அடுப்புச் சூட்டில் வெண்ணெய் சீக்கிரம் உருகுகிறது. மாவு இறுகுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. வெண்ணெய் முந்திக்கொண்டால் உருவம் வழிந்துவிடும். வெண்ணெய் ஜில்லென்று இருந்தால் அது உருகி ஓடுவதற்குள் மாவு இறுகிக்கொள்ளும். பூச்சாண்டி பூச்சாண்டியாகவே நிற்பான்.

தேய்ப்பதற்குப் பட்டர் பேப்பர் இல்லாவிட்டால், பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து இரண்டு பக்கமும் கீறி விரித்துக்கொள்ளுங்கள். அதற்கு நடுவில் மாவை வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒட்டவே ஒட்டாது. அச்சு வாங்க நான் கடைக்குப் போகவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் என் மகனையே பூச்சாண்டி வரையச் சொன்னேன். அதை வெட்டி, அச்சு மை மாவில் படாமல் இருக்க பட்டர் பேப்பரால் சுற்றி, மாவின் மேல் வைத்து ஓரமாகக் கத்தியால் வெட்டினேன். வட்டமான மூடியால் முழு நிலா. அதன் ஓரத்தையே மறுபடி மூடியால் வெட்டினால் பிறைநிலா. சின்ன உருளையாக உருட்டி, இரண்டு முனையையும் லேசாகக் கீறி விரித்தால் எலும்பு. வெட்டிய பிறகு தட்டோடு இன்னும் ஒரு கால் மணி நேரம் குளிர வையுங்கள்.

இனி கண். படங்களில் லவங்கமும் மிளகும் வைத்து அழகாகக் காட்டுவார்கள். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதெல்லாம் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கறுப்பு எள் போதும். அந்த வேலையை அப்பத்தாவும் பேரனும் எடுத்துக்கொண்டார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலை ஈரமாக்கி எள்ளைத் தொட்டு எடுப்பார். பையன், "இங்க அப்பத்தா, இன்னும் மேல" என்று இடம் சொல்லுவான். ஒரு பூச்சாண்டிக்கு மாறுகண், ஒன்றுக்கு ஒற்றைக் கண், ஒன்றுக்குக் கண்ணீர் மாதிரி ஒரு எள். "இவன் ஏன் சாமி அழுகறான்?" என்று கேட்டார் அத்தை. "இவனுக்கு இருட்டுன்னா பயம்" என்றான் பையன். அத்தை என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

ஓவனைப் பத்து நிமிஷம் முன்னதாகவே 170 டிகிரிக்குச் சூடாக்கி, பதினாலு முதல் பதினாறு நிமிஷம் சுட வேண்டும். ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஐந்து நிமிஷம் தட்டிலேயே ஆறவிட்டால் தானாக மொறுமொறுப்பாகிவிடும். ஓவன் இல்லாதவர்கள் கனமான பெரிய பாத்திரத்தின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிஷம் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து மெல்லிய தீயில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம் விடுங்கள். குக்கரானால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்யும்போது ஒரே ஒரு ஜாக்கிரதை. பச்சை மாவை நக்க விடாதீர்கள். வேகாத மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். சூடான தட்டுப் பக்கம் பெரியவர்கள் மட்டும் போகட்டும். வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் சேர்ந்த பண்டம் இது. ஆசைக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் கெடாமல் இருக்கும்.

ஆறினதும் முதல் பூச்சாண்டியைப் பையன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்னாடி பார்த்தான், பின்னாடி பார்த்தான். பிறகு கடக்கென்று தலையைக் கடித்தான். மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கான்" என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் எந்த வேஷமும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு டப்பா நிறையப் பூச்சாண்டிகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனான். பாலும் கோதுமையும் எள்ளும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாதே என்று, என்னென்ன போட்டிருக்கிறேன் என்பதை டீச்சருக்கு ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். எலும்புக்கூடு வேஷம் போட்ட குழந்தைகள்கூட இவனைச் சுற்றிக்கொண்டார்களாம். "எல்லாரும் பூச்சாண்டியத் தின்னுட்டாங்கம்மா!" என்று காலி டப்பாவை ஆட்டிக்கொண்டு வந்தான்.

அன்று ராத்திரி ஒரு பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. விடியற்காலை ஒரு கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் தலையணையைச் சுற்றிச் சாரை சாரையாக எறும்பு. பூச்சாண்டிக்கு ஒரு கண் போய்விட்டது, பாதி உடம்பும் இல்லை. "அம்மா, எறும்பு பூச்சாண்டியத் தூக்கிட்டுப் போகுது!" என்று அவன் கட்டில் மேல் நின்று குதித்துக் குதித்துச் சிரித்தான்.

ஒரே பிஸ்கட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் சில நாள் படுக்கை நனைந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விரிப்பை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தோம். பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன விளக்கை ராத்திரி முழுக்க எரிய விட்டோம். மட்டை விழுகிற சத்தம் கேட்டால் அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு பையனைத் தோப்புக்குள் கூட்டிப் போய், விழுந்த மட்டையைக் காட்டுவார். கார்த்திகை தீபம் வருவதற்குள் படுக்கை நனைவது நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலான வைத்தியம் ஒன்று உண்டு. நான் பூச்சாண்டியைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். "சாப்பிடு, இல்லேன்னா..." என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன். பசித்தபோது அவனே சாப்பிடுகிறான். ஒரு நாள் குறைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி பேச்சுக் குரல் கேட்டு விழித்தேன். மாமாவுக்கு ஜுரம், மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை அவரை எழுப்ப மனசில்லாமல் பொறக்கடைக் கதவண்டை தயங்கி நின்றிருக்கிறார். தண்ணீர் குடிக்க எழுந்த பையன் பார்த்துவிட்டான்.

"வா அப்பத்தா, நான் கூட வர்றேன். ஒண்ணும் இல்ல, அது மட்டைதான்" என்று சொல்லி, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான். அறுபது வயசைத் தாண்டிய என் மாமியார், ஐந்து வயசுப் பேரன் பின்னால் அந்த இருட்டுக்குள் இறங்கிப் போனதை நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட கையோடு, ஒரு தட்டுப் பூச்சாண்டியும் சுட்டுப் பாருங்கள். கண் வைக்கிற வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். இதுவரை நீங்களும் என்னைப் போலச் சோற்றுக் கிண்ணத்தோடு பூச்சாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், இத்தோடு அவனை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.